லியோனில் முதல் நாள்: மாமியார், இரண்டு பிள்ளைகள், ஐந்து பெட்டிகள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

போன ஜூனில் நாங்கள் ஐந்து பேர் பிரான்ஸில் லியோன் நகரத்துக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தோம். நான், என் கணவர், பதினொரு வயது மகன், ஆறு வயது மகள், அப்புறம் என் மாமியார். வந்ததிலிருந்து சொந்தக்காரர்கள், அலுவலகத்தில் கூட இருப்பவர்கள், மாடி வீட்டு அக்கா என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். முதல் நாள் மட்டும்தான். தூக்கம் இருக்காது, கெட்ட நேரத்தில் பசிக்கும், மொழி காதில் ஏறாது, கையில் பெட்டி வேறு, சொதப்புவதெல்லாம் அன்றைக்குத்தான். இரண்டாம் நாள் தானாகப் பழகிவிடும்.

எல்லாரும் பாரிஸ் போகிறார்கள், நீங்கள் ஏன் லியோன்?

அத்தையால். அத்தை பிறந்தது காஞ்சிபுரத்தில் ஒரு தறி வீட்டில். சேலைக் கரையில் மயிலும் மாங்காயும் விழ வேண்டுமென்றால் தறிக்கு மேலே ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும், அதிலிருந்து ஓட்டை போட்ட அட்டைகள் மாலை மாதிரிக் கோத்துத் தொங்கும், எந்த இழை மேலே போக வேண்டும் எது கீழே நிற்க வேண்டும் என்பதை அந்த ஓட்டைகள்தான் தீர்மானிக்கும். அதற்குப் பேர் ஜக்கார்டு. அது ஒரு மனிதரின் பேர் என்று அத்தைக்கு அறுபத்தெட்டு வயது வரை தெரியாது. எனக்கும் தெரியாது. பையனின் கணினிப் பாடத்தில் வந்தது: ஜோசப் மரி ஜக்கார்டு, 1752-ல் லியோனில் பிறந்தவர், 1804 வாக்கில் இந்தத் தறியைக் கொண்டுவந்தார், அவருடைய அட்டைகள்தான் பிற்காலத்தில் கணினிக்கு அட்டையில் ஓட்டை போட்டுக் கட்டளை கொடுக்கும் வழிக்கு முன்னோடி. பையன் இதைச் சத்தமாகப் படித்ததும் அத்தை வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு, “அந்த ஊர் இன்னும் இருக்கா?” என்று கேட்டார். அவ்வளவுதான்.

இன்னொரு காரணம், லியோன் கைக்கடக்கமான ஊர். ரோன், சோன் என்று இரண்டு ஆறுகள், நடுவில் நாக்கு மாதிரி ஒரு நிலம், இந்தப் பக்கம் ஒரு குன்று, அந்தப் பக்கம் ஒரு குன்று. ஒரு தடவை மேலே ஏறிப் பார்த்துவிட்டால் ஊர் மனதில் பதிந்துவிடுகிறது. பாரிஸ் அப்படி இல்லை.

சென்னையிலிருந்து எப்படிப் போய்ச் சேர்வது?

லியோனுக்கே விமான நிலையம் இருக்கிறது. ‘குட்டி இளவரசன்’ எழுதிய சான் எக்சுபெரியின் பெயர் வைத்திருக்கிறார்கள், அவர் 1900-ல் இந்த ஊரில் பிறந்தவர். அங்கே இறங்கினால் ரோன் எக்ஸ்பிரஸ் என்ற டிராம் அரை மணி நேரத்தில் ஊருக்குள் கொண்டுவந்து விடும். எங்களுக்குக் கட்டுப்படியானது பாரிஸ் டிக்கெட்தான். பாரிஸின் சார்ல் த கோல் விமான நிலையத்துக்குள்ளேயே ரயில் நிலையம் இருக்கிறது, அங்கிருந்து டிஜிவி அதிவேக ரயிலில் நேராக லியோன், சுமார் 2 மணி நேரம். பாரிஸ் நகருக்குள் கால் வைக்கவே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. ‘கார் த லியோன்’ என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது பாரிஸுக்குள் இருக்கும் ஒரு ரயில் நிலையம், நம் ஊரில் ஏதோ ஒரு கேட்டுக்கு வேறு ஊர்ப் பெயர் இருப்பது மாதிரி. லியோனில் நீங்கள் இறங்க வேண்டியது பெரும்பாலும் பார்த் தியூ நிலையம். அந்த ரயில் அதற்கப்புறமும் தெற்கே போகும், லியோனில் நிற்பது சில நிமிடங்கள்தான். பத்து நிமிடம் முன்னாலேயே பெட்டிகளைக் கதவருகே கொண்டுவந்து வையுங்கள். நாங்கள் வைக்கவில்லை. என் கணவர் கடைசிப் பெட்டியோடு குதித்ததை நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

விமானம் இறங்கும் நேரத்துக்கும் ரயிலுக்கும் நடுவே 3 மணி நேரமாவது விட்டு டிக்கெட் போடுங்கள். பாஸ்போர்ட் வரிசை எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஐந்து பேர், ஐந்து பெட்டி. நிலையத்திலிருந்து மெட்ரோவா, டாக்ஸியா?

டாக்ஸி. ஒரு நாள் செலவில் கஞ்சத்தனம் பண்ணக் கூடாத இடம் இதுதான். சாதாரண டாக்ஸியில் நாலு பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள், குழந்தையை மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினாலும் நடக்காது. பெரிய வண்டி சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் எங்களைப் போல இரண்டு டாக்ஸி.

எங்கே தங்கினீர்கள்? வயதானவர்களுக்கு ஒத்துவருமா?

க்ருவா ரூஸ் குன்றின் மேல், வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டில். இந்தக் குன்று முழுக்க ஒரு காலத்தில் பட்டு நெசவாளிகள் இருந்த இடம். அவர்களை அங்கே ‘கனூ’ என்பார்கள். ஃபூர்வியேர் ஜெபிக்கும் குன்று, க்ருவா ரூஸ் உழைக்கும் குன்று என்று ஊர்க்காரர்களே சொல்வார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்க்கத் தோன்றும், கூரை கிட்டத்தட்ட 4 மீட்டர் உயரம், ஏனென்றால் ஜக்கார்டு பெட்டியோடு சேர்த்துத் தறி அவ்வளவு உயரம் நிற்கும். ஜன்னல்களும் அதே மாதிரி நெட்டையாக இருக்கும், இழை தெரிய வெளிச்சம் வேண்டுமே. இப்போது தறி போய்விட்டதால் பாதி உயரத்தில் மச்சு கட்டிப் படுக்கை போட்டிருக்கிறார்கள். வாடகைக்கு எடுக்கும்போது இதைக் கவனியுங்கள்: இரண்டு படுக்கையறை என்று போட்டிருந்தால் அதில் ஒன்று ஏணி ஏறிப் போகும் மச்சாக இருக்கலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், பெரியவர்கள் யாரும் ஏறவில்லை.

லிஃப்ட் உண்டு என்று போட்டிருந்தது. உண்டுதான். இரண்டு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கலாம், பெட்டியோடு என்றால் ஒருவர். நாலாவது மாடிக்கு ஏழு தடவை போய்வந்தது அந்த லிஃப்ட். கூட ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், நான் கேட்கவில்லை.

மூட்டு வலிக்காரர் வீட்டில் இருந்தால் இரண்டு ஆறுகளுக்கும் நடுவில், பெல்கூர் சதுக்கத்தை ஒட்டித் தங்குவது நல்லது, எல்லாம் சமதளம். பழைய லியோன் பகுதி புகைப்படத்தில் மிக அழகாக இருக்கும், ஆனால் உருண்டைக்கல் பதித்த தெருவில் சக்கரப் பெட்டியை இழுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அப்புறம், வீட்டுச் சாவி பெரும்பாலும் மாலை 4 மணிக்குத்தான் தருவார்கள். நாங்கள் போய் நின்றது 1 மணிக்கு. பெட்டிகளை மட்டும் கீழே வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு முன்பே எழுதியிருந்தோம், தப்பித்தோம்.

மதியம் எங்கே சாப்பிட்டீர்கள்?

முதல் நாளில் பெரும்பாலானவர்கள் விழுவது இந்தக் குழியில்தான், அதனால் விலாவாரியாகச் சொல்கிறேன். நம் ஊரில் பசித்தால் சாப்பாடு. அங்கே மதியம் 12-க்குத் திறந்து 2 மணிக்குச் சமையலறையை மூடிவிடுவார்கள், மறுபடி இரவு 7-க்குத்தான். 2 மணி 10 நிமிடத்துக்குப் போனால், பாதி மேசைகளில் ஆட்கள் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், உங்களிடம் மரியாதையாக ‘முடிந்தது’ என்று சொல்லிவிடுவார்கள். கோபப்பட ஒன்றும் இல்லை, சமையல்காரர் போயிருப்பார். நாங்கள் 1:40-க்கு ஒரு கடையில் கிட்டத்தட்ட ஓடிப்போய் உட்கார்ந்தோம்.

லியோனில் ‘பூஷோன்’ என்று ஒரு வகைச் சாப்பாட்டுக் கடை உண்டு. கட்டம் போட்ட மேசைத்துணி, மெனு எழுதிய கரும்பலகை, குடல், கல்லீரல், பன்றி இறைச்சி என்று அடித்தட்டு மக்களின் சாப்பாட்டில் பிறந்த சமையல். பிரான்ஸின் சாப்பாட்டுத் தலைநகரம் என்று லியோனைச் சொல்வது இதையெல்லாம் சேர்த்துத்தான். அன்றைக்குப் பார்த்துச் சனிக்கிழமை. அத்தைக்குச் சனிக்கிழமை பெருமாளுக்காகச் சைவம். குடல் கடையில் சைவம்!

ஆனால் கிடைத்தது. மெனுவில் ‘செர்வெல் த கனூ’ என்று ஒன்று இருந்தது, மகன் கைபேசியில் மொழிபெயர்த்துவிட்டு “நெசவாளியின் மூளை” என்று படித்தான். அத்தை எழுந்தே விட்டார். பரிமாறிய பெண் சிரித்துவிட்டு விளக்கினார்: மூளை எல்லாம் பேருக்குத்தான், உண்மையில் அது புதுப் பாலாடைக்கட்டியில் பூண்டு, சின்ன வெங்காய வகை ஒன்று, பச்சிலைகள், கொஞ்சம் எண்ணெய், வினிகர் போட்டு அடித்தது. நெசவாளிகளின் ஏழைச் சாப்பாடு. அத்தை ரொட்டியில் தொட்டு ஒரு வாய் வைத்துவிட்டு, “தயிர்ப் பச்சடிதானே, இதுக்கு ஏன் இப்படிப் பேர்?” என்றார். கூடவே உருளைக்கிழங்கைப் பாலாடையில் வேகவைத்த கிராத்தான் ஒரு தட்டு, கடைசியில் ரோஸ் நிறத்தில் பளபளக்கும் ப்ரலின் டார்ட், அது சர்க்கரைப்பாகில் உருட்டிய பாதாமில் செய்வது. மகள் அந்த நிறத்துக்காகவே இரண்டு துண்டு சாப்பிட்டாள்.

மதியத்தில் ‘அன்றைய தட்டு’ என்று ஒன்று எழுதி வைத்திருப்பார்கள், இரவு விலையைவிட நிறையவே குறைவு. அதனால் பெரிய சாப்பாட்டை மதியத்தில் வைத்துக்கொள்ளுங்கள், முதல் நாள் இரவு எப்படியும் யாரும் சாப்பிடப் போவதில்லை.

சைவம், மாட்டிறைச்சி வேண்டாம், இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

‘வெஜிடேரியன்’ என்றால் புரியும், ஆனால் அதோடு விடாதீர்கள். ‘சான் வியாந்த்’ என்றால் இறைச்சி இல்லாமல், ‘சான் புவாசோன்’ மீன் இல்லாமல். பொறி இருப்பது ‘லார்தோன்’ என்ற சொல்லில், பன்றிக்கொழுப்பைச் சின்னச் சின்னத் துண்டாக வறுத்துப் போடுவது. லியோன் சாலட் என்று பச்சை இலையைப் பார்த்து ஆசையாகக் கேட்டால் அதில் லார்தோனும் அரைவேக்காட்டு முட்டையும் இருக்கும். ‘கெனெல்’ பார்க்கக் கொழுக்கட்டை மாதிரி அப்பாவியாக இருக்கும், பெரும்பாலும் ஆற்று மீன் கலந்தது. மாடு ‘பஃப்’, பன்றி ‘போர்’, கோழி ‘பூலே’. இந்த மூன்றையும் மகனை மனப்பாடம் பண்ண வைத்தோம். சுத்த சைவம் என்றால் இன்னொன்றும் உண்டு, அங்கே பல பாலாடைக்கட்டிகளில் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த உறை சேர்ப்பார்கள், அதையும் பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்குக் காசா?

இல்லை. ‘காராஃப் தோ’ என்று கேளுங்கள், கூஜாவில் குழாய்த்தண்ணீர் இலவசமாக வரும், நல்ல தண்ணீர். வெறும் ‘வாட்டர்’ என்று கேட்டால் புட்டி வரும், அதற்குக் காசு. ரொட்டிக்கும் காசு இல்லை. டிப்ஸ் கட்டாயம் இல்லை, சேவைக்கான தொகை விலையிலேயே சேர்ந்திருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்கள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்களாமே?

‘போன்ஜூர்’ சொன்னீர்களா? கடைக்குள் நுழைந்ததும், பேருந்தில் ஏறியதும், வழி கேட்கும் முன்னும், முதல் வார்த்தை அதுதான். நம் ஊரில் வீட்டுக்கு வந்தவரை ‘வாங்க’ என்று கூப்பிடாமல் உட்கார வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி அவர்களுக்கு. நேராக ‘எக்ஸ்க்யூஸ் மீ, டூ டிக்கெட்’ என்று ஆரம்பித்த என் கணவருக்கு உம்மென்ற முகமும், வாசலிலேயே கையைக் கூப்பி ‘போஞ்சூ’ என்ற அத்தைக்கு ஒரு கூடுதல் பிஸ்கட்டும் கிடைத்தன. அத்தைக்கு அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு எதுவும் தெரியாது, வாரம் முழுக்க அதிலேயே ஓட்டிவிட்டார்.

முதல் நாளே சுற்றலாமா, தூங்கிவிடுவது நல்லதா?

தூங்காதீர்கள். ஜூனில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. பெரிய வித்தியாசம் இல்லை, முதல் நாள் சாயங்காலம் வரை இழுத்துப் பிடித்துவிட்டால் சரியாகிவிடும். மதியம் ‘கொஞ்சம் கண்ணசரலாம்’ என்று படுத்த என் கணவரின் தம்பி குடும்பம் (வேறு ஊர், வேறு வருடம்) இரவு 9-க்கு எழுந்து விடிய விடியச் சீட்டு ஆடியது. வெளியே வெயிலில் இருங்கள். ஆனால் ஒரே ஒரு இடம். நாலு இடம் போட்டால் மூன்றாவதில் யாராவது அழுவார்கள், அது குழந்தையாகத்தான் இருக்கும் என்று இல்லை.

அந்த ஒரு இடம் எது?

ஃபூர்வியேர் குன்று. படி ஏறாமல் போக வழி இருக்கிறது என்பதுதான் அதன் சிறப்பு.

க்ருவா ரூஸிலிருந்து மெட்ரோவில் இறங்கினோம். அந்த சி லைன் செங்குத்தான சரிவில் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறது, ஊட்டி ரயில் மாதிரி. கீழே ஓட்டல் த வீல் நிலையத்தில் ஏ லைனுக்கு மாறி, பெல்கூரில் மறுபடி மாறி டி லைன். டி லைனில் ஓட்டுநரே கிடையாது, முன்கண்ணாடிக்கு முன்னால் பிள்ளைகள் இரண்டும் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றன, ஒரு நிலையத்தில் இறங்க வேண்டியதை மூன்று நிலையம் போய்த் திரும்பி வந்தோம், அவர்களுக்கு அன்றைக்கு அதுதான் உச்சம். வியூ லியோன் நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்தே மேலே இழுத்துப் போகும் கேபிள் ரயில். ஊர்க்காரர்கள் அதை ‘ஃபிசெல்’ என்பார்கள், நூல்கயிறு என்று அர்த்தம். நெசவாளிகள் ஊரில் வேறு என்ன பேர் வைப்பார்கள் என்றார் அத்தை. மெட்ரோ டிக்கெட்டே இதற்கும் செல்லும், ஒரு டிக்கெட் ஒரு மணி நேரத்துக்கு.

மேலே ஒரு பெரிய வெள்ளைத் தேவாலயம். 1870-ல் பிரஷ்யப் படை லியோன் வரை வராமல் இருந்தால் கட்டுகிறோம் என்று வேண்டிக்கொண்டு, வராததால் 1872-ல் கட்ட ஆரம்பித்தது. நேர்த்திக்கடன் என்று சொன்னதும் அத்தைக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. நாலு மூலையிலும் நாலு கோபுரம் நிற்பதைப் பார்த்து ஊர்க்காரர்கள் வைத்த பட்டப்பெயர், ‘மல்லாந்த யானை’. கீழே ஆற்றங்கரையிலிருந்து பார்த்தால் உண்மையாகவே ஒரு யானை நாலு காலையும் தூக்கிக்கொண்டு படுத்திருக்கிற மாதிரிதான் இருக்கும். உள்ளே சுவர், கூரை எல்லாம் பொன்னும் நீலமுமாகச் சில்லுச் சித்திரம், ஒரு கோயிலுக்குக் கீழே இன்னொரு கோயில். கட்டணம் கிடையாது.

பக்கத்துச் சிறு தேவாலயத்தின் மேல் தங்க நிறத்தில் மாதா சிலை ஒன்று இருக்கிறது. 1852 டிசம்பர் 8-ஆம் தேதி அதைத் திறந்தபோது மழையில் விழா கெட்டுப்போகும் என்று பயந்தார்களாம், வானம் வெளுத்ததும் மக்கள் தாங்களாகவே ஜன்னல் விளிம்பில் விளக்கு ஏற்றி வைத்தார்கள். இன்றைக்கும் டிசம்பர் 8 அன்று சின்னக் கண்ணாடிக் கோப்பைகளில் விளக்கு வைக்கிறார்கள். நம் கார்த்திகைத் தீபமும் அந்த நாட்களை ஒட்டித்தான் வரும். ‘அப்ப டிசம்பர்ல வந்திருக்கணும்’ என்று அத்தை சொன்னதை என் கணவர் கேட்காதது போல் இருந்தார்.

தேவாலயத்துக்குப் பின்னால் மொட்டைமாடி மாதிரி ஒரு திடல், அங்கிருந்து முழு ஊரும் தெரியும்: சிவப்பு ஓடுகள், இரண்டு ஆறுகள், தூரத்தில் பென்சில் முனை போல் ஒரு கோபுரம். அதன் பட்டப்பெயரே பென்சில்தான், உயரம் 165 மீட்டர், நாங்கள் காலையில் இறங்கிய ரயில் நிலையம் அதன் காலடியில். வானம் தெளிவாக இருந்தால் ஆல்ப்ஸும் தெரியும். எங்களுக்குப் புகைமூட்டம்.

ரோமானிய அரங்கமும் அங்கேதானா?

ஆமாம், கொஞ்ச தூரம் கீழே நடந்தால் வந்துவிடும். ரோமானியர்கள் கி.மு. 43-ல் இந்தக் குன்றில்தான் லுக்துனும் என்ற பெயரில் ஊரை நிறுவினார்கள், கிளாடியஸ் பேரரசர் பிறந்தது இங்கே. அரங்கத்தில் சுமார் 10,000 பேர் உட்காரலாம். ஜூன், ஜூலையில் இசை விழா நடப்பதால் பழைய கல்லுக்கு மேல் புது மேடை போட்டிருப்பார்கள். படிக்கட்டு வரிசையில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டோம், பையன் வரலாற்றுப் புத்தகத்துக்குள் உட்கார்ந்திருப்பதாக நண்பனுக்குப் படம் அனுப்பினான். திரும்ப மேலே ஏற வேண்டாம், அரங்கத்தின் பக்கத்திலேயே மினிம் என்ற கேபிள் ரயில் நிலையம் இருக்கிறது, அது வேறு லைன், ஆனால் அதே இடத்தில் கொண்டுபோய் இறக்கும். முட்டிக்காரர்களுக்கு இதுதான் வழி: ஏறுவது ஒரு லைனில், இறங்குவது இன்னொன்றில்.

த்ராபூல் என்கிறார்களே, அது என்ன?

ஒரு தெருவில் வீட்டுக் கதவைத் திறந்து நுழைந்து, முற்றம், நடை, மாடிப்படி எல்லாம் தாண்டி அடுத்த தெருவில் வெளியே வரும் குறுக்கு வழி. பழைய லியோனில் சான் ஜான் தெரு 54-ஆம் எண் கதவு மிக நீளமானதற்கு வாசல், நாலு முற்றங்களைக் கடந்து 27, பஃப் தெருவில் முடியும். (ஆமாம், அந்த பஃப்தான். மாட்டுத் தெரு. மகன் கண்டுபிடித்தான்.) உள்ளே மனிதர்கள் குடியிருக்கிறார்கள், குரலைத் தாழ்த்தச் சொல்லிப் பலகையே இருக்கிறது. எங்கள் மகளுக்கு அது போதும், கண்ணாமூச்சி விளையாட்டு மாதிரி மூச்சுவிடாமல் நடந்து போனாள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்களுக்கு எதிராக ரகசிய இயக்கம் நடத்தியவர்களுக்கு இந்த வழிகள் ரொம்பவே உதவியிருக்கின்றன.

சினிமா பிறந்த ஊர் என்பார்களே, அதைப் பார்க்கவில்லையா?

லூமியேர் சகோதரர்களின் தொழிற்சாலை, 1895-ல் அவர்கள் எடுத்த படம், எல்லாம் லியோனில்தான். டி லைனில் மோன்ப்ளெசிர் லூமியேர் நிலையம். மூன்றாம் நாள் போனோம். முதல் நாளில் இருட்டறையில் உட்கார்ந்தால் குறட்டைதான்.

கடைகள் எப்போது மூடும்? சமையல் சாமான் கிடைத்ததா?

சனிக்கிழமை போய் இறங்கினால் மற்றதையெல்லாம் விட இதை நினைவு வையுங்கள்: மறுநாள் ஞாயிறு, மதியத்துக்கு மேல் பெரும்பாலான கடைகள் கிடையாது. ஃபூர்வியேரிலிருந்து திரும்பும் வழியில் அரிசி, பால், தயிர், முட்டை, வெங்காயம், தக்காளி வாங்கிவிட்டோம். தயிர் வாங்கும்போது ‘நத்யூர்’ என்று போட்டதை எடுங்கள், இல்லாவிட்டால் தயிர்சாதத்தில் வனிலா வாசனை வரும். அனுபவம்.

ஊரிலிருந்து என்ன கொண்டுபோகலாம்?

பொடி வகைகள், ஊறுகாய், புளி, அப்பளம் ஒன்றும் பிரச்சினை இல்லை. நெய், பால்கோவா, பால் பவுடர், கருவாடு மாதிரிச் சாமான்களைத் தவிருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பாலும் இறைச்சியும் சேர்ந்த பொருட்களைப் பயணிகள் கொண்டுவரத் தடை, மீனுக்கும் தனி விதிகள் இருக்கின்றன. பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். அத்தை ஒரு கட்டை முந்தானையில் முடிந்து வைத்திருந்ததைச் சென்னையிலேயே கண்டுபிடித்து எடுத்துவிட்டேன், அதற்கு இன்னும் மன்னிப்பு கிடைக்கவில்லை. நம் மூன்று கம்பி பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், மின்னழுத்தம் 230 வோல்ட்தான், குக்கர் ஓடும்.

கழிவறை?

எல்லாரும் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி. தண்ணீர்க் குழாய் இருக்காது, காகிதம்தான். ஒரு காலி அரை லிட்டர் புட்டி பையில் இருக்கட்டும், சங்கடமே இல்லை. ரயிலை விட்டு இறங்கும் முன், சாப்பாட்டுக் கடையை விட்டுக் கிளம்பும் முன், ‘வரவில்லை’ என்று சொல்லும் குழந்தையையும் அனுப்புங்கள்.

திருட்டுப் பயம் உண்டா?

பெரிய நிலையங்களிலும் மெட்ரோ நெரிசலிலும் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டு நகலோடு போகலாம் என்று சிலர் சொல்வார்கள், முதல் நாளில் வீடே கையில் இல்லையே. என் கணவர் இடுப்புப் பையில் வைத்துக்கொண்டார். அவசரத்துக்கு எண் 112.

அத்தை ஜக்கார்டைப் பார்த்தாரா, இல்லையா?

பார்த்தார், அன்றைக்கே. க்ருவா ரூஸ் மெட்ரோ வாசலை விட்டு வெளியே வந்தால் சதுக்கத்தில் அவர் சிலை நிற்கிறது. மதியம் டாக்ஸி இறக்கியபோது பெட்டி எண்ணுவதில் யாரும் கவனிக்கவில்லை. மாலை 7 மணிக்குத் திரும்பும்போது பையன்தான் பீடத்தில் பெயரைப் படித்தான். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது, ஜூனில் ஒன்பதரைக்குத்தான் இருட்டும். அத்தை கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றார். “இவருக்குத்தான் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சோமா?” என்றார். அவர்கள் வீட்டில் அன்றைக்குத் தறியைத் துடைத்து, அந்தப் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள்.

பையன் தான் படித்ததையெல்லாம் கொட்டினான். இந்தப் பெட்டி வருவதற்கு முன் தறிக்குப் பக்கத்தில் ஒரு பையன் நாள் முழுக்க நின்று கயிறு இழுப்பானாம். ‘எங்க தாத்தா காலத்துல நம்ம ஊர்லயும் அடை கட்டித்தான் நெய்வாங்க, கூட ஒரு ஆள் வேணும்’ என்றார் அத்தை. 1831-லும் 1834-லும் இதே குன்றில் நெசவாளிகள் கிளர்ந்து எழுந்தார்கள் என்று சொன்னதும், “எதுக்கு?” என்றார். முதல் கிளர்ச்சி கூலிக்கு ஒரு அடிமட்ட விலை வைக்கச் சொல்லி. “வெச்சாங்களா?” வைக்கிறோம் என்று ஒத்துக்கொண்டு முதலாளிகள் பின்வாங்கிவிட்டார்கள், அப்புறம் படை வந்தது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை, கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

பிள்ளைகள் எத்தனை மணிக்குத் தூங்கினார்கள்?

எட்டரைக்கு, ஊரில் நடுராத்திரி 12. தயிர்சாதம் பாதித் தட்டில் இருக்கும்போதே. வெளியே வெளிச்சம் இருந்ததால் மரப் பலகைக் கதவுகளை ஜன்னலில் சாத்தினோம். வீட்டில் மின்விசிறி கிடையாது, அங்கே பல வீடுகளில் கிடையாது, பகலிலும் வெயில் நேரத்தில் அந்தப் பலகைகளைச் சாத்தி வைத்தால்தான் அறை குளிர்ச்சியாக இருக்கும்.

சின்னவள் அதிகாலை மூன்றரைக்கு எழுந்துவிட்டாள். ஊரில் மணி ஏழு, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எழுந்து பார்த்தால் அத்தை ஏற்கெனவே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். செவ்வாயிலிருந்து ஞாயிறு வரை அந்தக் குன்றின் அகலச் சாலையில் காலைச் சந்தை கூடும். விடியும் நேரத்தில் வண்டிகள் வந்து கூடாரத்துணி விரித்து, முள்ளங்கிக் கட்டும் செர்ரிப் பழமும் இறக்க ஆரம்பித்தார்கள். இரண்டு பேரும் மேலேயிருந்து ஒவ்வொரு பெட்டியாக எண்ணினார்கள். ரொட்டிக் கடை விளக்கு எரிந்ததும் எங்கள் யாரையும் எழுப்பாமல், அந்த ஒற்றை ஆள் லிஃப்டில் இடித்துக்கொண்டு, பத்து யூரோ நோட்டை எடுத்துக்கொண்டு, பாட்டியும் பேத்தியுமாகக் கீழே போய்விட்டார்கள். திரும்பி வரும்போது நீள ரொட்டி இரண்டு, செர்ரி ஒரு பை, மீதிச் சில்லறை சரியாக இருந்தது. செர்ரியில் பாதி வழியிலேயே தீர்ந்திருந்தது.